பேச்சு நடப்பில் உள்ளது

கணவர் இறந்த அன்று காலை பத்து மணி வாக்கில் மலர்க்கொடிக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. இரண்டும் ஒரே நிறுவனத்திலிருந்து, நான்கு நிமிட இடைவெளியில்.

முதலாவதை எழுதியவர் தண்டபாணி. கோயமுத்தூர் சரவணம்பட்டியில் இருந்த 'வாசல்' என்ற ஆள்சேர்ப்பு நிறுவனத்தில் இருபது வருடமாக வேலை பார்த்தவர். "அம்மா, செய்தி பார்த்துக் கை ஓடவில்லை. நேர்காணலைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். காரியமெல்லாம் முடியட்டும், மெல்லப் பேசுவோம்" என்று எழுதியிருந்தார். இரண்டாவதை எழுதியது இயந்திரம். "இன்றைய நேர்காணலில் தாங்கள் கலந்துகொள்ளாததால் தங்கள் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

மலர்க்கொடி திண்டுக்கல்லில் செவிலியாக இருந்தவள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பஸ் ஏறி வந்து, இரண்டு கடிதங்களையும் அச்செடுத்து வாசல் நிறுவனத்தின் கண்ணாடிக் கதவில் பசை போட்டு ஒட்டினாள். திரும்பிப் போய்விட்டாள். யாரோ அதைப் படமெடுத்துப் போட, சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் அந்தக் கதவைப் பார்த்துவிட்டது.

அந்தக் காலத்தில் கம்பெனிகள் நேரடியாக ஆள் எடுப்பதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆலை வாசலில் போய் நின்றாலும் காவலாளி, "மெயில் வந்துச்சா?" என்றுதான் கேட்பான். வாசல் மாதிரியான நிறுவனங்கள் அனுப்பும் கடிதம் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. அழைப்பு, நினைவூட்டல், நிராகரிப்பு, வேலை உத்தரவு எல்லாவற்றையும் எழுதி அனுப்புவது இயந்திரம். அலுவலகத்தில் அதற்குத் 'தபால்காரன்' என்று பெயர். தண்டபாணி மாதிரி மிச்சமிருந்த சில மனிதர்கள், சந்தேகம் கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதவைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே மேலாளர் அஷ்வந்த் சாருமதியைக் கூப்பிட்டார். தபால்காரனின் உள்வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"நம்ம ஆளு ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது மிஷின் குறுக்க பூரக்கூடாது. ஒரு பூட்டு போடுங்க சாரு. எப்ப முடியும்?"

"நாலு நாள் குடுங்க."

அவள் மூன்றே நாளில் முடித்தாள். நாற்பத்தொரு வயதில், பதினாறு வருட வேலையில், செய்ததை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது அந்த ஒரு தடவைதான். நான்காம் நாள் மதியச் சாப்பாட்டின்போது தண்டபாணியிடம் விளக்கினாள்.

"நீங்க ஒருத்தர்கிட்ட பேசிட்டிருந்தா, அவங்க பேருக்கு நேரா 'பேச்சு நடப்பில் உள்ளது'ன்னு ஒரு பச்சை விளக்கு எரியும் சார். அது எரியற வரைக்கும் தபால்காரன் எழுதற எந்தக் கடிதமும் அவங்களுக்குப் போகாது. உள்ளயே தேங்கி நிக்கும்."

"பேச்சு முடிஞ்சுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வழி. பத்து நாளைக்கு அவங்ககிட்டருந்து ஒரு வரியும் வரலைன்னா முடிஞ்சுது. இல்லாட்டி அவங்களே 'உரையாடலை முடிக்கிறேன்'னு ஒரு வரி எழுதலாம். எழுதின நிமிஷமே விளக்கு அணைஞ்சு, தேங்கினதெல்லாம் போயிரும்."

தண்டபாணி தயிர்ச்சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். உடுமலைப்பேட்டைக்காரர். தன்னைவிட இளைய பெண்களையெல்லாம் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

"அப்படி ஒருத்தன் எழுதுவானா அம்மிணி?"

"ஏன் எழுத மாட்டாங்க?"

"வேலைக்குக் காத்துக் கெடக்கறவன். பதில் போடறதுக்குன்னு ஒரே ஒரு மனுசன் இருக்கறான். அவனப் பாத்துப் போதும் போன்னு எழுதுவானா?"

சாருமதி சிரித்தாள். கவலைப்பட வேறு விஷயமே இல்லையா சார் என்றாள்.

நான்கு மாதம் கழித்துத்தான் தேக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவள் திறந்து பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் கிடந்தன. நிராகரிப்புகளாக இருக்கும், மெதுவாகப் போனால்தான் என்ன என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினோராவது கடிதத்தில் கை நின்றது. "தாங்கள் இப்பணிக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள் என்பதை மகிழ்ச்சியுடன்..." வேலை உத்தரவும் இயந்திரம் எழுதும் கடிதம்தானே. அதை அவள் யோசிக்கவில்லை. பூட்டுக்கு நல்ல செய்தி, கெட்ட செய்தி என்ற வித்தியாசம் தெரியவில்லை.

அப்படி நாற்பத்தேழு உத்தரவுகள். எல்லாமே காலாவதியாகியிருந்தன.

பதினோராவது கடிதம் எட்வின் மச்சாது என்பவருக்கு எழுதப்பட்டது. தூத்துக்குடிக்காரர், ஐம்பத்திரண்டு வயது. ஓர் உரத் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் அளவுக்கருவிகளைப் பழுது பார்த்தவர். தொழிற்சாலை மூடிவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்து, உத்தரவும் தயாராகி, ஒரு மாதம் தேங்கிக் கிடந்து செத்துப் போயிருந்தது. ஏன் தேங்கியது என்று பார்த்தாள். எட்வின் மரியாதை தெரிந்த மனிதர். தண்டபாணி எழுதினால் உடனே, "சார், தங்கள் கடிதம் கிடைத்தது. தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று பதில் போடுவார். வாரம் ஒருமுறை, "ஏதாவது தகவல் உண்டா சார்?" என்று கேட்பார். தேக்கத்தில் இருப்பது தெரியாத தண்டபாணி, "பொறுங்க எட்வின், நிச்சயம் வரும்" என்று எழுதுவார். அதற்கொரு நன்றிக் கடிதம் வரும். ஒவ்வொரு நன்றிக்கும் பச்சை விளக்கு மறுபடி பத்து நாளுக்கு எரிந்தது. பதிலே போடாதவர்களும் திட்டி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டவர்களும் தங்கள் உத்தரவை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

தண்டபாணியிடம் காட்டினாள். அவர் தேதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நான் பதில் போடாம இருந்திருந்தா அந்த மனுசன் இந்நேரம் வேலைல இருந்திருப்பான். அப்படித்தான?"

அவள் திரையை மூடிவிட்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

அஷ்வந்த் கத்துகிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இந்த முந்நூறு பேரும் வேற எங்கயும் போகல. கவனிச்சீங்களா சாரு?" என்றார்.

"போகாம இருக்காங்கன்னா, தண்டபாணி சார் சொன்னாருன்னு நம்பிக் காத்துட்டு இருக்காங்க."

"அதேதான். கூப்பிட்டா நாளைக்கே வர்ற ஆளுங்க நம்ம கையிருப்புல எத்தனை பேர்னு பாத்துத்தான் கம்பெனிகள் நம்மகிட்ட வருது. உத்தரவு காலாவதியானா அந்த இடத்துக்கு இன்னொருத்தர் போகப்போறாரு, இடம் காலியா நிக்காது. நமக்கு அங்கயும் ஆள், இங்கயும் ஆள். நிராகரிப்பே போகாததால யாரும் கதவுல வந்து ஒட்டவும் மாட்டாங்க."

"அவங்க ஏமாந்துட்டு இருக்காங்க சார்."

"யார் ஏமாத்தினா? அன்பாத்தான பேசறோம்?"

அடுத்த மாதம் தண்டபாணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மனிதரால் முந்நூறு பேருக்குத்தான் எழுத முடியும், முப்பதாயிரம் பேருக்கு முடியாது என்று காரணம் சொன்னார்கள். ஆளை அனுப்பினார்கள், பெயரை வைத்துக்கொண்டார்கள். இருபது வருடமாக அவர் எழுதிய கடிதங்கள் அத்தனையையும் தபால்காரனுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அது அவரைப் போலவே எழுதக் கற்றுக்கொண்டது. அவரைப் போலவே என்றும் சொல்ல முடியாது. அவருக்கு ஞாபகமறதி உண்டு, அலுப்பு உண்டு, சில நாள் இரண்டே வரியில் முடித்துவிடுவார். இது யாரையும் மறக்காது.

இயந்திரம் எழுதுவதையும் மனிதர் எழுதியதாகவே பூட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியவள் சாருமதி. அவள் கணவன் சிவநேசன் இரண்டு வருடமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். குளிக்கப் போகும்போதுகூட ஃபோனை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவான். வெளியே என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு வரியை மாற்ற அவளுக்கு ஆறு நிமிடம் பிடித்தது.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. காத்திருப்பவர் யாரிடமாவது, பேச்சை முடித்துக்கொள்ளும்படி ஊழியர் எவராவது சொன்னால் அன்றே வேலை போகும். அனுமதியில்லாமல் பூட்டைத் தொட்டாலோ தேங்கிய கடிதத்தை விடுவித்தாலோ அப்படியேதான். தொலைபேசிகளும் வரவேற்பறையும் பதிவு செய்யப்படும்.

அதற்குப் பிறகு சாருமதி கடிதங்களைப் படிப்பதை விட்டுவிட்டாள். எட்வினுடையதை மட்டும் கொஞ்ச நாள் படித்தாள். உப்பளம் ஒன்றில் மேற்பார்வை வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்றும், "நீங்கள் பொறுக்கச் சொல்லியிருப்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் சார்" என்றும் அவர் எழுதியிருந்தார். "என் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறீர்களே எட்வின்" என்று அது பதில் போட்டிருந்தது. அதோடு அவரையும் படிப்பதை நிறுத்தினாள்.

ஆனால் தேக்கப் பட்டியலைப் பார்ப்பது அவள் வேலை. ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி வாக்கில் அந்தப் பெயர் அதில் மறுபடி வந்தது. கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் வேலை, பழைய நேர்காணலை வைத்தே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். உத்தரவு இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்து மணி வரை செல்லும். பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, பதினான்காம் தேதி முற்பகல், வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். தண்டபாணி சாரைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார், என்ன சொல்வது என்று தெரியவில்லை, கொஞ்சம் வந்து பேசுங்கள் என்றாள் வரவேற்பாளர்.

தேய்த்து மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையும், மடியில் அட்டைப்பெட்டியுமாக ஒல்லியான மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வணக்கம் மேடம். எட்வின் மச்சாது, தூத்துக்குடி. சாரைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இல்லியா? காலைல கூட எழுதிருந்தாவளே."

"சார் வெளிய போயிருக்காரு."

"பரவால்ல மேடம், இருந்து பாத்துட்டே போறேன். அவுகள நேர்ல பாத்ததே இல்ல. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு கொஞ்சம் மக்ரூன் வாங்கியாந்தேன். எங்க ஊர்ல நல்லாருக்கும்."

மேலே கூரை மூலையில் பதிவுக்கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்தது. 'உரையாடலை முடிக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், இந்த நிமிடமே உங்களுக்கு வேலை' என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். சொன்னால் அவள் வேலை அன்றோடு போகும். அவள் வேறொன்று யோசித்தாள். இவருக்குக் கோபம் வர வேண்டும். கோபத்தில் அந்த வரியை இவரே எழுதலாம். எழுதாவிட்டாலும் பத்து நாள் வாய் மூடி இருந்தால் போதும். இருபத்து நாலாம் தேதி விளக்கு தானாக அணையும், கடிதம் போய்விடும். எழுதாதீர்கள் என்று அவள் வாயால் சொல்லக்கூடாது. அவமானப்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கையில் எங்கும் இல்லை.

"உங்க லெட்டரையெல்லாம் சார் எங்களுக்குப் படிச்சுக் காட்டுவாரு, தெரியுமா?" என்றாள்.

எட்வினின் முகம் மலர்ந்தது. "அப்படியா மேடம்?"

"மத்தியானம் சாப்பிடறப்ப. ஆபீஸே விழுந்து விழுந்து சிரிக்கும். தங்கள் கடிதம் கிடைத்தது, தொந்தரவுக்கு மன்னிக்கவும். இதையே எத்தனை தடவைதான் எழுதுவீங்க?"

அவர் சிரித்தபடியே நின்றார். என்ன சொல்கிறாள் என்று இன்னும் முழுக்கப் பிடிபடவில்லை.

"உங்களுக்கு ஐம்பத்திரண்டு வயசு. உங்க வேலையைப் பண்ண இப்ப ஆளே வேண்டாம், விரல் அளவுக்கு ஒரு கருவி போதும். சார் ஏதோ பாவம்னு பதில் போடறாரு. அது கூடப் புரியாம பெட்டியத் தூக்கிட்டு இங்க வரைக்கும் வந்துட்டீங்களே, வெக்கமா இல்லையா? வீட்டுல சொல்றவங்க யாரும் இல்லையா?"

வரவேற்பாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். எட்வினின் காது மடல் இரண்டும் சிவந்தன. பிறகு பெட்டியை மேசைமேல் வைத்து, அதன் நூல் முடிச்சைச் சரிசெய்தார்.

"இதைச் சார்ட்ட குடுத்துருங்க மேடம். நீங்களும் ஒண்ணு எடுத்துக்கிடுங்க. சீக்கிரம் நமத்துப் போயிரும்."

கண்ணாடிக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் இரண்டு தடவை இழுத்தார். பிறகு தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அஷ்வந்த் அவள் இடத்துக்கு வந்தார். பதிவைப் பார்த்திருந்தார். "அவரை அவ்வளவு பேசியிருக்க வேண்டாம் சாரு. மனுஷங்க பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நாள் எண்ணினாள். பதினாறாம் தேதி எட்வினிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதினெட்டிலும் இல்லை. அவர் பேரில் அன்றாடம் ஒரு கடிதம் மட்டும் உள்ளிருந்து போய்க்கொண்டிருந்தது: "எட்வின், நலம்தானே? உங்களிடமிருந்து ஒன்றும் காணோமே." அவர் பதில் போடவில்லை. இருபது, இருபத்தொன்று என்று நாள் போயிற்று. தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. கடிதம் கையில் கிடைத்ததும் அவர் வேலைக்குப் போவார், தன்னைத் திட்டிக்கொண்டே போகட்டும், அதனால் என்ன என்று நினைத்தாள். சிவநேசனிடம்கூட, "ஒருத்தருக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கேன்" என்றாள்.

இருபத்து மூன்றாம் தேதி பதினொரு மணிக்கு எட்வின் எழுதினார்.

"மதிப்பிற்குரிய சார், ஒன்பது நாளாக எழுதவில்லை. இனி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். தங்கள் அலுவலகத்தில் ஒரு மேடம் சில வார்த்தைகள் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன கஷ்டமோ. என் மனைவி ஃபிலோமிதான், யாரோ சொன்னதற்காகச் சாரை ஏன் தண்டிக்கிறீர்கள், பாவம் தினமும் விசாரிக்கிறாரே என்றாள். அவள் சொல்வது சரி. என் கடிதங்கள் தொல்லையாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். பதில் போடாமல் இருந்ததற்கும் மன்னித்துவிடுங்கள்."

அதே நிமிடத்தில் பதில் போயிற்று. "எட்வின்! உங்கள் கடிதம் கண்டபிறகுதான் நிம்மதி. உங்கள் மேல் எனக்கு என்ன கோபம்? எப்போதும் போல எழுதுங்கள்."

விளக்கு புதிதாகப் பத்து நாள் வாங்கிக்கொண்டது. உத்தரவுக்கு மிச்சமிருந்தது ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளில் நான்கை அவள் வெறுமனே கடத்தினாள். அதற்கு எந்தச் சாக்கும் அவளிடம் இல்லை, பயம்தான். இருபத்தெட்டாம் தேதி மதியம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

தண்டபாணி வீட்டு முன்னறையில் விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கொஞ்ச மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெயரில் இயந்திரம் எழுதுவதை, வரவேற்பறையில் தான் பேசியதை, எட்வின் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை.

"எம்பேர்லயா?" என்று மட்டும் கேட்டார் தண்டபாணி.

"ஆமாங்க சார். முப்பதாயிரம் பேருக்கு."

மணி நாலு இருபது. எட்வினின் எண்ணைச் சாருமதி எடுத்து வந்திருந்தாள். தண்டபாணியின் ஃபோனிலேயே, இருவருக்கும் கேட்கும்படி வைத்து அழைத்தாள்.

"எட்வின் சாருங்களா? நான் வாசல் ஆபீஸ்ல இருந்து சாருமதி. அன்னிக்கு..."

"குரல் தெரியுது மேடம்." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "அன்னைக்குப் பேசுனது பத்தலியா? இன்னும் என்ன மிச்சம்?"

"உங்களுக்கு வேலை கெடச்சிருக்குங்க. கயத்தாறுல. அஞ்சு மணியோட முடியுது. நீங்க இப்பவே 'உரையாடலை முடிக்கிறேன்'னு ஒரே ஒரு வரி தண்டபாணி சாருக்கு எழுதினா..."

"சார்ட்ட பேச்சை முறிச்சுக்கணும். அதானே? அன்னைக்குத் திட்டிப் பாத்திய, நடக்கல. இப்ப வேலைன்னு சொல்லிப் பாக்குதீங்க. அவுக மேல உங்களுக்கு என்ன பகை மேடம்?"

தண்டபாணி ஃபோனை வாங்கினார்.

"எட்வின், நாந்தானுங்க தண்டபாணி பேசறேன். அந்தப் புள்ள சொல்றது நெசம். அங்க இருந்து உங்களுக்கு எழுதறது நான் இல்ல. அது மிஷின். என்னை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாசமாச்சு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"நீங்க தண்டபாணி சாரா?"

"ஆமாங்க எட்வின்."

"காலைல எனக்கு எழுதுனது யாரு அப்ப?"

"அதத்தான் சொல்றனுங்க. அது மிஷின்."

"மிஷினா?" எட்வினின் குரலில் முதல்முறையாக ஒரு கடுப்பு வந்தது. "சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஆடி மாசம் எனக்குப் பேத்தி பொறந்தா. என்ன பேரு வைக்கலாம்னு வீட்டுல ஒரே சண்டை. சார்ட்டதான் கேட்டேன். அவுக ஒரு பேரு எழுதி அனுப்புனாவ. அதைத்தான் கோயில்ல வச்சோம். என்ன பேரு சார் அது?"

தண்டபாணி சாருமதியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆடி மாதத்தில் அவள் எட்வினின் கடிதங்களைப் படிப்பதை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது. பெயர் அலுவலகக் கணினியில் இருந்தது, எழுபது கிலோமீட்டருக்கு அப்பால்.

"எட்வின், எனக்குத் தெரியாதுங்க. எழுதினது நான் இல்லீங்களே. அதனாலதான் எனக்குத் தெரியல. அதே ஒரு சாட்சிங்க, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"சரி, எம் பொண்டாட்டிக்கு என்ன ஆபரேசன் நடந்துச்சு? மூணு நாளு அவுக என்கூட ராத்திரி பகலா எழுதிட்டே இருந்தாவ. வேற யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அதாவது தெரியுமா?"

தண்டபாணிக்கு எட்வினைப் பற்றிச் சரியாக ஞாபகம் இருந்தது தூத்துக்குடி என்ற ஊர் ஒன்றுதான். அவர் பதில் போட்ட முந்நூறு பேரில் எட்வினும் ஒருவர்.

"அய்யா, கெஞ்சிக் கேக்கறன். ஒரு வரிதான். எழுதிப் பாருங்க. வேலை வரலீன்னா மறுபடி அவங்கிட்டயே பேசிக்கங்க."

"எங்க சார் கெஞ்ச மாட்டாவ" என்றார் எட்வின். குரல் மறுபடி பழைய பணிவுக்கு வந்துவிட்டது. "உங்களுக்கும் வயசானவுக மாதிரி தெரியுது. யாரோ பேசச் சொல்லிப் பேசுதீங்க. நான் தப்பா நினைக்கல. ஆனா அவுக பேரைச் சொல்லி யாரையும் ஏமாத்தாதீங்க. வச்சிருதேன்."

மறுபடி அழைத்தார்கள். அவர் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எண் முடக்கப்பட்டிருந்தது. தண்டபாணி ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, "நல்ல பேரா இருந்திருக்கும்" என்றார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி அடித்தது.

மறுநாள் காலை சாருமதி தன் சாமான்களை எடுத்துப் போக ஒரு துணிப்பையோடு அலுவலகம் போனாள். எட்வின் எழுதியிருப்பார், அதில் தன் பெயர் இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அஷ்வந்த் எதிரே வந்தார். காலை வணக்கம் சொன்னார், போய்விட்டார். அவள் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள்.

எட்வின் முந்தின நாள் ஐந்தரைக்கு எழுதியிருந்தார். "சார், இன்று யாரோ தங்கள் பெயரைச் சொல்லி என்னிடம் பேசினார்கள். தங்களுடன் பேச்சை நிறுத்தும்படி சொன்னார்கள். ஒரு பெண்ணும் பேசினார்கள். யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் குடும்பம் இருக்கும், என்னால் ஒருவர் வேலை போக வேண்டாம். தாங்கள் கவனமாக இருங்கள் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்."

அதற்குக் கீழே பதில் இருந்தது.

"நல்லவேளை என்னிடம் சொன்னீர்கள் எட்வின். இப்போது இப்படி நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். உங்களுக்கான வேலை நிச்சயம் வரும், கொஞ்சம் பொறுங்கள். குழந்தை அமலினி இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாளா?"

அதற்கு எட்வின் நன்றி சொல்லியிருந்தார். சிரிக்கிறாள் என்றும் எழுதியிருந்தார்.

சாருமதி துணிப்பையை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். அன்றைய தேக்கப் பட்டியலைத் திறந்து, காலாவதியான கடிதங்களை ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தாள்.